துப்பாக்கிக் கைமாற்றம்: பாளையக்காரர் காலம் முதல் இன்று வரை

ஒருவர் உரிமம் பெற்று வைத்திருக்கும் துப்பாக்கியை மற்றொரு தனிநபருக்கு விற்பதும் கொடுப்பதும் துப்பாக்கிக் கைமாற்றம் எனப்படும். இந்தியாவில் இதனை 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் ஒழுங்குபடுத்துகிறது.

விருதுநகரிலிருந்து சிவகாசி செல்லும் சாலையில் உள்ள ஆமத்தூரில் ஒருவரிடம் அவருடைய நண்பர், தம்மிடமுள்ள பழைய அரைத்தானியங்கித் துப்பாக்கியை வாங்கிக்கொள்ளும்படி கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பழைய மோட்டார் சைக்கிளை வாங்குவது போல விலையும் நிலையும் பார்த்து முடிவு செய்யும் காரியமாக இது தோன்றும். மோட்டார் சைக்கிளை முதலில் வாங்கிவிட்டுப் பெயர் மாற்றத்தைப் பிறகு செய்துகொள்ளலாம். துப்பாக்கியில் அந்த வரிசை தலைகீழ். உரிமம் முதலில், அறிவிப்பு அடுத்து, காத்திருப்பு அதற்கடுத்து, பொருள் கைக்கு வருவது கடைசியில். இந்த வரிசை ஒரே நாளில் உருவானதல்ல. தென் தமிழகத்தில் அதன் தொடக்கத்தை 1799, 1801 ஆகிய ஆண்டுகளில் காணலாம்.

காவலும் ஆயுதமும்

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிவரை இன்றைய விருதுநகர், தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களின் பெரும்பகுதி பாளையங்களாக இருந்தது. ஊர்க்காவல் பாளையக்காரர்களின் பொறுப்பு. அதற்கு ஈடாக அவர்கள் காவல் வரி வாங்கினர். ஆயுதம் வைத்திருப்பது காவல் உரிமையின் ஒரு பகுதி. ஈட்டி, வாள், வளரி ஆகியவற்றோடு திரி வைத்துச் சுடும் துப்பாக்கிகளும் பாளையப் படைகளிடம் இருந்தன. யாரிடம் எத்தனை ஆயுதம் இருக்கிறது என்று கணக்கு வைக்கும் அலுவலகம் எதுவும் அப்போது இல்லை.

1799-இல் மேஜர் பானர்மேன் பாஞ்சாலங்குறிச்சியின் மீது படையெடுத்தார். அவ்வாண்டு அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் வீரபாண்டிய கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். அங்கு வரவழைக்கப்பட்டிருந்த மற்றப் பாளையக்காரர்களிடம், கோட்டைகளை இடிக்க வேண்டும், ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும் என்று கூறப்பட்டது. பாஞ்சாலங்குறிச்சியுடன் பறிமுதல் செய்யப்பட்ட பாளையங்களில் ஒன்று ஏழாயிரம்பண்ணை. இன்று அவ்வூர் பட்டாசுத் தொழிலுக்குப் பெயர்பெற்றது.

1801-இல் ஊமைத்துரையும் மருது சகோதரர்களும் நடத்திய போர் முடிந்தபின், அவ்வாண்டு டிசம்பர் 1 அன்று சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் ஒரு பிரகடனம் வெளியிட்டார். பாளையக்காரர்களும் அவர்களுடைய ஆட்களும் ஆயுதம் வைத்திருப்பது அதன் மூலம் தடை செய்யப்பட்டது. மீறினால் மரண தண்டனை என்று அறிவிக்கப்பட்டது. ஆயுதத்தை விட்டவர்களுக்கு நிலையான வரித் திட்டம் தருவதாகவும் கும்பினி உறுதி கூறியது. 1803-இல் பாளையங்கள் ஜமீன்களாக மாறின.

பாளையக்காரர் வசமிருந்த காவல் உரிமை கும்பினிக்குச் சென்றது. 1859-இல் சென்னை மாகாணத்துக்கான காவல்துறைச் சட்டம் வந்தபின் அந்தப் பொறுப்பு சம்பளம் வாங்கும் காவலரிடம் நிலைத்தது. 1899 ஜூனில் சிவகாசி நகரம் பெருங்கும்பலால் தாக்கப்பட்டபோதும் அரசு இதே வழியில் சென்றது. ஊராருக்கு ஆயுதம் தருவதற்கு மாறாகத் தண்டக் காவற்படையை அங்கே நிறுத்தியது. பாதுகாப்பு தேவை என்றால் காவல் நிலையம், துப்பாக்கி தேவை என்றால் அரசின் அனுமதி என்ற நிலை இவ்வாறு உருவானது.

1878-ஆம் ஆண்டுச் சட்டம்

1857 எழுச்சிக்குப் பிறகு ஆயுதங்களைக் கட்டுப்படுத்த 1860-இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அதைவிட விரிவான இந்திய ஆயுதச் சட்டம் 1878-இல் லிட்டன் பிரபு வைசிராயாக இருந்தபோது வந்தது. இந்திய மொழிப் பத்திரிகைகளைக் கட்டுப்படுத்திய சட்டமும் அதே ஆண்டில்தான் வந்தது.

1878 சட்டத்தின் மீது எழுந்த முதன்மையான எதிர்ப்பு அதன் பாகுபாடு குறித்தது. ஐரோப்பியரும் ஆங்கிலோ-இந்தியரும் உரிமம் பெறுவதிலிருந்து விலக்குப் பெற்றிருந்தனர். இந்தியர்களில் பட்டம் பெற்றவர், பெரும் ஜமீன்தார் போன்ற சிலருக்கு மட்டுமே விலக்குக் கிடைத்தது. 1887 டிசம்பரில் சென்னையில் பத்ருதீன் தியாப்ஜி தலைமையில் கூடிய காங்கிரசின் மூன்றாவது மாநாடு இச்சட்டத்தைத் திருத்தக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. 1920-இல் நடைமுறைக்கு வந்த புதிய விதிகள் இன அடிப்படையிலான விலக்கை நீக்கின.

சட்டத்துக்கு எதிரான குரல் விருதுநகரிலிருந்தும் எழுந்தது. 1927-இல் நாகபுரியில் மஞ்சர்ஷா அவாரி, உரிமமின்றி வாளேந்தி ஆயுதச் சட்டத்தை மீறும் வாள் சத்தியாக்கிரகத்தைத் தொடங்கினார். சென்னை மாகாணத்தில் அதை முன்னெடுத்தவர் அப்போது இருபதுகளின் நடுவில் இருந்த காமராசர்.

இப்பகுதியில் அரைத்தானியங்கி ஆயுதம் ஒன்று வரலாற்றில் இடம்பெற்றதும் இச்சட்டத்தின் காலத்திலேயே. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் திருநெல்வேலி ஆட்சியர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டது பெல்ஜியத்தில் செய்யப்பட்ட பிரௌனிங் கைத்துப்பாக்கியால். இச்சட்டம் நடைமுறைக்கு வந்து 33 ஆண்டுகள் கழித்து அது நடந்தது. உரிமப் பதிவேடு வெளிப்படையாக வாங்கி விற்பவரையே எட்டியது. மறைவாக வரும் ஆயுதத்தை அது எட்டவில்லை.

அரைத்தானியங்கித் துப்பாக்கி என்பது என்ன

விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு தோட்டா மட்டும் வெடித்து, அடுத்த தோட்டா தானாகவே அறைக்குள் ஏறும் துப்பாக்கி அரைத்தானியங்கி எனப்படும். விசையை விடும்வரை தொடர்ந்து சுடுவது முழுத்தானியங்கி. இரண்டையும் பேச்சு வழக்கில் ‘ஆட்டோமேட்டிக்’ என்று சொல்வதால் குழப்பம் ஏற்படுகிறது. முழுத்தானியங்கி இந்தியச் சட்டத்தில் தடை செய்யப்பட்ட ஆயுதம்.

சிதறுகுண்டுத் துப்பாக்கிகளில் வெற்றிகரமான முதல் அரைத்தானியங்கி, அமெரிக்கரான ஜான் மோசஸ் பிரௌனிங் வடிவமைத்த ஆட்டோ-5. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெல்ஜியத்தின் எஃப்.என். நிறுவனம் அதைத் தயாரிக்கத் தொடங்கியது. ஐந்து தோட்டாக்கள் கொள்வதால் அப்பெயர். சுடும்போது ஏற்படும் பின்னுதைப்பில் குழலும் பூட்டும் சேர்ந்து பின்னே செல்லும். குழல் முன்னுக்கு மீளும்போது வெற்றுத் தோட்டா வெளியே விழும். பின்னர் பூட்டு மீண்டு அடுத்த தோட்டாவை ஏற்றும்.

இந்தியாவில் பரவலாக இருந்தவை இவை அல்ல. ஒற்றைக்குழலும் இரட்டைக்குழலும் கொண்ட 12 போர் துப்பாக்கிகளே அதிகம். ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டை எந்தக் குழலுக்குள் பொருந்துமோ அதுவே 12 போர். 1980-களில் தனிநபர்களுக்கான துப்பாக்கி இறக்குமதிக்குக் கடுமையான தடை வந்தபின், நாட்டுக்குள் ஏற்கெனவே இருந்த வெளிநாட்டுத் துப்பாக்கிகள்தான் கைமாறிக் கைமாறிப் புழங்கின. பழைய துப்பாக்கிக்கு இங்கே மதிப்புக் கூடியதற்கும், அறிந்தவர் மூலமே அது விற்பனைக்கு வருவதற்கும் இது ஒரு காரணம்.

பட்டியலில் அதன் இடம்

சுதந்திரத்துக்குப் பின் 1878 சட்டத்துக்குப் பதிலாக 1959-இல் புதிய ஆயுதச் சட்டம் இயற்றப்பட்டு, 1962 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அரசியலமைப்பின் ஒன்றியப் பட்டியலில் ஐந்தாவது பதிவு ஆயுதம், துப்பாக்கி, தோட்டா, வெடிபொருள் ஆகியவற்றை ஒன்றாகவே குறிப்பிடுகிறது. துப்பாக்கியும் பட்டாசும் ஒரே பதிவின் கீழ் மத்திய அரசின் அதிகாரத்தில் இருப்பதன் அடிப்படை இதுவே.

இச்சட்டத்தின் 13-ஆம் பிரிவு சாதாரணக் குடிமகனுக்கு ஓரளவு இடம் கொடுத்தது. பாதுகாப்புக்கோ விளையாட்டுக்கோ 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் கொண்ட சிதறுகுண்டுத் துப்பாக்கி கேட்பவருக்கும், பயிர்க் காவலுக்கு வாய்வழி மருந்திடும் துப்பாக்கி கேட்பவருக்கும், மறுக்கத் தக்க காரணம் இல்லையெனில் உரிமம் வழங்க வேண்டும் என்கிறது அது. காவல்துறைச் செய்திகளில் ‘எஸ்.பி.எம்.எல்.’ என்று குறிப்பிடப்படுவது இந்த மருந்திடும் ஒற்றைக்குழல் வகையே.

ஆனால் விதிகளின் முதல் அட்டவணை துப்பாக்கிகளை வகை வகையாகப் பிரிக்கிறது. ரிவால்வர், பிஸ்டல் நீங்கலான அரைத்தானியங்கிகளையும், 20 அங்குலத்துக்குக் குறைந்த குழல் கொண்ட சிதறுகுண்டுத் துப்பாக்கிகளையும் அது முதல் வகையில் வைக்கிறது. சாதாரண இரட்டைக்குழல் துப்பாக்கி அந்த வகையில் இல்லை. 1962 விதிகளில் இருந்த இந்தப் பிரிவு 2016-இல் வந்த புதிய விதிகளிலும் தொடர்ந்தது.

வாங்க நினைப்பவருக்கு இங்கேதான் முதல் தடை இருக்கிறது. இரட்டைக்குழல் துப்பாக்கிக்காகப் பெற்ற உரிமத்தைக் காட்டி அரைத்தானியங்கியை வாங்கிவிட முடியாது. உரிமத்தில் எந்த வகை குறிக்கப்பட்டுள்ளதோ அந்த வகைக்கே அது செல்லும். நண்பரிடம் பல ஆண்டுகளாக முறையான உரிமம் இருப்பது, அதே துப்பாக்கிக்கு வாங்குபவருக்கும் உரிமம் கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதமாகாது.

விற்றபின் அறிவித்தலிலிருந்து அறிவித்தபின் விற்றலுக்கு

தனிநபர்களுக்கு இடையிலான விற்பனையை இந்தியச் சட்டம் எந்தக் காலத்திலும் முற்றிலும் தடை செய்ததில்லை. 1878 சட்டத்தின் ஐந்தாவது பிரிவே, தன் சொந்தப் பயன்பாட்டுக்குச் சட்டப்படி வைத்திருக்கும் ஆயுதத்தை, வைத்திருக்கத் தடையில்லாத ஒருவருக்கு விற்க அனுமதித்தது. விற்றவர் தாமதமின்றி மாவட்ட நீதிபதிக்கோ அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ வாங்கியவரின் பெயர், முகவரியைத் தெரிவிக்க வேண்டும். அதாவது விற்பனை முதலில் நடக்கும், அறிவிப்பு பின்னால் போகும்.

1983-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் இதை மாற்றியது. பஞ்சாபில் வன்முறை வளர்ந்துகொண்டிருந்த காலம் அது. ஒருவர் மூன்று துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்ற வரம்பு அத்திருத்தத்தில்தான் வந்தது. கைமாற்ற விதியும் திருப்பி எழுதப்பட்டது. அதன்படி, விற்க நினைப்பவர் தம் எண்ணத்தையும் வாங்க இருப்பவரின் பெயர், முகவரியையும் எழுத்து மூலம் மாவட்ட நீதிபதிக்கோ அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ தெரிவிக்க வேண்டும். தெரிவித்து 45 நாட்கள் கழிந்தபின்னரே துப்பாக்கியைக் கொடுக்கலாம்.

இந்த 45 நாட்கள் வெறும் அலுவலகத் தாமதம் அல்ல. வாங்குபவர் யார், அவர் மீது வழக்கு உண்டா, அவருடைய உரிமம் அந்த வகையை உள்ளடக்கியதா, துப்பாக்கியின் எண்ணும் பதிவும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதற்கு நிர்வாகத்துக்குக் கிடைக்கும் கால இடைவெளி அது. 1878 முறையில் தவறான கைக்குப் போன துப்பாக்கியைத் தேட வேண்டியிருந்தது. 1983-க்குப் பின் அது போகுமுன்னே தடுக்க வழி உண்டு.

இரவல் கொடுப்பதும் குற்றம்

நண்பர்களிடையே பேச்சு பெரும்பாலும் விற்பனையில் தொடங்குவதில்லை. “சும்மா ரெண்டு நாள் வச்சுப் பாரு, பிடிச்சா எடுத்துக்கோ” என்றே தொடங்கும். சட்டத்தின் மூன்றாவது பிரிவு இதற்கு மிகக் குறைந்த இடமே தருகிறது. உரிமம் இல்லாத ஒருவர் துப்பாக்கியை எடுத்துச் செல்வதானால் உரிமையாளர் உடன் இருக்க வேண்டும், அல்லது அவருடைய எழுத்துமூல அதிகாரம் வேண்டும். அதுவும் பழுது பார்க்கவோ, உரிமம் புதுப்பிக்கவோ, உரிமையாளரின் பயன்பாட்டுக்காகவோ மட்டுமே. பிடித்திருக்கிறதா என்று வீட்டில் வைத்துப் பார்ப்பது இவற்றில் எதிலும் சேராது.

தண்டனை இருவருக்கும் உண்டு. அறிவிப்புத் தராமலோ 45 நாட்களுக்கு முன்னரோ கைமாற்றினால், விற்றவருக்கு ஆறு மாதம் வரை சிறையோ 500 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். 500 ரூபாய் என்ற தொகையைப் பார்த்து இது சிறிய விஷயம் என்று எண்ணிவிடக் கூடாது. உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பவருக்கு 2019 திருத்தத்துக்குப் பின் இரண்டு முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. ஐந்தாவது பிரிவை மீறி, வைத்திருக்க உரிமை இல்லாதவருக்கு விற்பதற்குக் குறைந்தபட்சமே ஏழு ஆண்டு, அதிகபட்சம் ஆயுள். வாங்கியவரைவிட விற்றவருக்கே தண்டனை கூடுதல். நண்பரின் நலனை நினைப்பவரும் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

எண் அழிக்கப்பட்ட துப்பாக்கியை எந்த விலைக்கும் தொடக் கூடாது. எட்டாவது பிரிவின்படி அடையாள எண்ணை அழிப்பதும் மாற்றுவதும் குற்றம். அப்படிப்பட்ட துப்பாக்கியை வைத்திருப்பவரே அதைச் செய்தார் என்று நீதிமன்றம் ஊகிக்கும். செய்யவில்லை என்று காட்டும் பொறுப்பு அவருடையது.

உள்குத்தகை என்னும் உள்ளூர்ப் பாடம்

உரிமம் ஒருவர் பெயரில், பொருள் இன்னொருவர் கையில் என்ற நிலை எங்கே கொண்டுபோய் விடும் என்பது ஆமத்தூர் வட்டாரத்துக்குப் புதிதல்ல. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வெளிநாட்டுப் பட்டாசு வருவது நின்றபின் சிவகாசியில் பட்டாசுத் தொழில் வேகமாக வளர்ந்தது. 1884-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டமும் 1940-இல் வந்த வெடிபொருள் விதிகளும் அதை உரிமத்தின் கீழ்க் கொண்டுவந்தன. தலைமையகம் நாகபுரியில் உள்ள பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு வழங்குவதை ‘நாக்பூர் உரிமம்’ என்றும், மாவட்ட நிர்வாகம் வழங்கும் சிறிய அளவிலானதை ‘டி.ஆர்.ஓ. உரிமம்’ என்றும் இங்கே பேச்சில் சொல்வார்கள்.

உரிமம் பெற்றவர் ஆலையை அறை அறையாகப் பிறருக்கு விட்டுவிடுவது உள்குத்தகை. எத்தனை பேர், எவ்வளவு மருந்து, எந்த அறையில் என்று உரிமத்தில் எழுதியிருப்பதற்கும் உள்ளே நடப்பதற்கும் அப்போது தொடர்பு அறுந்துவிடுகிறது. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் சுமார் 40 பேர் இறந்த விபத்துக்குப் பின்னும், 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் நிகழ்ந்த விபத்துக்குப் பின்னும் உள்குத்தகை பற்றிய கேள்வி எழுந்தது.

துப்பாக்கிக்கும் அடிப்படை இதுதான். உரிமம் பொருளோடு ஒட்டிக்கொண்டு போவதில்லை. குறிப்பிட்ட மனிதரை, அவருடைய வயதை, வழக்குகளை, மனநலத்தை, பாதுகாப்பாக வைக்கும் வசதியைப் பார்த்துக் கொடுக்கப்படுவது அது. பொருள் கைமாறும்போது அந்த ஆய்வு வாங்குபவருக்குப் புதிதாக நடக்க வேண்டும்.

குறுகி வரும் வட்டம்

துப்பாக்கி வைத்திருப்பதற்கான காரணங்களும் காலப்போக்கில் குறைந்தன. 1972-ஆம் ஆண்டு வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் 1991 திருத்தமும் வேட்டையை ஏறத்தாழ முடிவுக்குக் கொண்டுவந்தன. அச்சட்டத்தின் 34-ஆம் பிரிவு, சரணாலயத்திலிருந்து 10 கி.மீ. சுற்றளவில் உள்ள துப்பாக்கி உரிமதாரர்கள் வனத்துறையிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்கிறது. அந்த எல்லைக்குள் புதிய உரிமம் வழங்கத் தலைமை வனஉயிரினக் காப்பாளரின் இசைவு வேண்டும். 1988-இல் ஸ்ரீவில்லிபுத்தூரில் சாம்பல்நிற அணில் சரணாலயம் அமைந்தபின் மேற்குத் தொடர்ச்சி மலை அடிவார ஊர்களுக்கு இது பொருந்தியது. 2021-இல் அது ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதியானது. ஆமத்தூர் மலையடிவாரத்தில் இல்லை. ஆனால் நண்பரின் தோட்டம் அங்கே இருந்தால் இதையும் கேட்க வேண்டியிருக்கும்.

2016 விதிகள் பாதுகாப்புப் பயிற்சியையும் தேசியத் தரவுத்தளத்தில் பதியப்படும் தனி அடையாள எண்ணையும் வலியுறுத்தின. 2019 டிசம்பரில் வந்த திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்து, உரிமக் காலத்தை மூன்றிலிருந்து ஐந்து ஆண்டாக்கியது. தேர்தல் வந்தால் மாவட்ட ஆய்வுக் குழு யார் யார் துப்பாக்கியை ஒப்படைக்க வேண்டும் என்று முடிவு செய்யும். வங்கிக் காவலர்களாகப் பணிபுரியும் முன்னாள் படைவீரர்கள் போன்றோருக்கு அப்போது விலக்குக் கிடைப்பதுண்டு.

குடும்பத்துக்குள் கைமாறுவதற்கு மட்டும் விதிகள் சற்று இடம் தருகின்றன. உரிமதாரர் இறந்தாலோ, 70 வயதை எட்டினாலோ, 25 ஆண்டுகள் துப்பாக்கியை வைத்திருந்தாலோ வாரிசு விண்ணப்பிக்கலாம். அங்கும் வாரிசின் தகுதி பார்க்கப்படும். நண்பருக்கு இந்த வழி இல்லை.

முடிவெடுக்குமுன் பார்க்க வேண்டியவை

மேலே கண்ட வரலாற்றிலிருந்து, வாங்கலாமா என்ற கேள்விக்கு விடை தேடும் முறை தெளிவாகிறது. முதலில் தேவை. வீட்டுப் பாதுகாப்புக்கென்றால் உரிமம் பெற எளிதான வகை போதாதா என்று பார்க்க வேண்டும். அடுத்து வகை. குறிப்பிட்ட அந்தத் துப்பாக்கிக்கு உரிமம் கிடைக்குமா என்பதை ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் முன்பணம் கொடுக்கக் கூடாது. மூன்றாவது ஆவணம். நண்பரின் உரிமம் நடப்பில் உள்ளதா, தனி அடையாள எண் உள்ளதா, துப்பாக்கியில் பொறித்த எண்ணும் உரிமத்தில் உள்ள எண்ணும் ஒன்றா என்று இருவரும் சேர்ந்து பார்க்க வேண்டும். நண்பரின் உரிமம் காலாவதியாகி இருந்தால், 21-ஆம் பிரிவின்படி துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைப்பது அவருடைய முதல் கடமை.

துப்பாக்கியின் நிலை இவற்றுக்குப் பிறகே வரும். குழலில் பள்ளமோ வீக்கமோ உண்டா, தோட்டா அறையின் நீளம் இன்று கிடைக்கும் தோட்டாவுக்குப் பொருந்துகிறதா, பின்னுதைப்பைத் தாங்கும் சுருள்வில்லும் வளையமும் தேய்ந்துவிட்டனவா என்பதை அனுபவமுள்ள துப்பாக்கித் தொழிலாளி பார்த்துச் சொல்ல வேண்டும். உதிரிபாகம் கிடைக்காத பழைய அரைத்தானியங்கியை வாங்கினால் பழுது பார்ப்பதே பெரும் பாடாகிவிடும்.

வகை ஒத்துவந்து, வாங்குபவருக்கு உரிமமும் கிடைத்தால், விற்பவர் எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுத்து அதற்கான ஒப்புகையைப் பெற்றுக்கொள்ள வேண்டும். அன்றிலிருந்து 45 நாட்களை எண்ண வேண்டும். அதுவரை துப்பாக்கி நண்பரின் வீட்டிலேயே இருக்க வேண்டும். வகை ஒத்துவரவில்லை என்றால், எவ்வளவு நெருங்கிய நண்பராக இருந்தாலும், எவ்வளவு மலிவாகத் தந்தாலும், வேண்டாம் என்பதுதான் இருவருக்கும் நல்லது.